எட்டுக் கம்பியும் என் கண்ணும்

"லைட்டு பச்சையா எரியுதா, ஆரஞ்சா எரியுதா? அத மட்டும் பாத்துச் சொல்லு."

படவேட்டிலிருந்து போனில் கேட்டவன் தணிகாசலம், என் கடைக் கூட்டாளி. நான் ஆரணியில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரின் கீழ்த்தளத்தில், மேசைக்கு அடியில் குந்தியிருந்தேன். முகத்துக்கு நேரே டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் வரிசையாக எட்டுத் துளைகள். நான்கில் கேபிள் செருகியிருந்தது. செருகிய ஒவ்வொரு துளைக்கும் மேலே கடுகளவு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

நான்கையும் மாறி மாறிப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சம் படாமல் கையால் மறைத்துக்கொண்டும் பார்த்தேன். நான்கும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன.

"இன்னாடா, லைன்ல இருக்கியா?"

"பச்சைதான்," என்றேன்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இந்த ஒரு சொல்லைச் சொன்னேன். அதனால் நடந்தவற்றைத்தான் இந்த வாரப் பத்தியில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பச்சைத் தார் கேட்டால்

சின்ன வயதில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. பட்டுச் சேலைக்குக் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழல்களில் சுற்றி வைத்திருப்பார்கள். தார் என்று பெயர். ஒரு தார் தீர்ந்ததும் அப்பா தறியை விட்டு எழாமலே குரல் கொடுப்பார். பச்சை என்பார், அரக்கு என்பார். கூடையிலிருந்து எடுத்துப் போய்க் கொடுப்பது என் வேலை.

பாதி நேரம் தவறாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்பா முதலில் சிரித்தார், பிறகு திட்டினார். விளையாட்டுப் புத்தி என்று அம்மா சமாதானம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கவனித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும் என்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். நீலம் தனியாகத் தெரியும். மஞ்சள் தெரியும். மற்றவை கலங்கல் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி ஒன்றோடொன்று கலந்து கிடக்கும்.

அது கவனக்குறைவு அல்ல என்பது இருபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ரயில்வே வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, கண் பரிசோதனைக்குப் போனேன். புள்ளிகளால் ஆன வட்டப் படங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று கேட்டார்கள். முதல் படத்தில் எண் தெரிந்தது. அதற்கு அப்புறம் எல்லாம் வெறும் புள்ளிகள். பரிசோதித்தவர் புத்தகத்தை மூடிவிட்டு, எனக்குச் சிவப்பும் பச்சையும் அவற்றைச் சேர்ந்த நிறங்களும் சரியாகப் பிரிந்து தெரியாது, பிறவியிலேயே அப்படி, மருந்து கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

தேர்வில் தேறியதை வீட்டில் நான் சொல்லியிருக்கவில்லை. வேலை கையில் கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அதுவே வசதியாகப் போயிற்று. எழுத்துத் தேர்விலேயே தேறவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவன் தனக்கு நிறம் தெரியாது என்று எப்படிச் சொல்வான்? கல்யாணம் ஆன பிறகும் சொல்லவில்லை. ஜவுளிக் கடையில் சட்டை எடுக்கும்போது மனைவியை முன்னால் விட்டுவிடுவேன். அவள் எடுத்ததே நன்றாயிருக்கிறது என்பேன். அவளும் சந்தோஷமாக எடுப்பாள்.

கம்ப்யூட்டர் பக்கம் நான் போனதே நிறத்திடமிருந்து தப்பிக்கத்தான். வகுப்பில் சேர்ந்து மூன்றாவது வாரம், வாத்தியார் கம்ப்யூட்டர்களை இணைக்கும் லேன் கேபிள் ஒன்றின் சாம்பல் நிறத் தோலை உரித்துக் காட்டினார். உள்ளே எட்டுக் கம்பிகள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு. ஒவ்வொன்றுக்கும் துணையாக, அதே நிறத்தில் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஒன்று. துணையும் அதுவுமாக முறுக்கி, நான்கு ஜோடிகள். முனையில் கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் கனெக்டரில் இந்த எட்டும் நிற வரிசைப்படிதான் போக வேண்டும் என்றார் அவர். எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது.

வைஃபை இருக்கும்போது கம்பி எதற்கு?

பெரணமல்லூரிலிருந்து ஒரு வாசகி இப்படிக் கேட்டு எழுதியிருந்தார். நல்ல கேள்வி. வாடிக்கையாளர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வைஃபை என்பது ஒரு கூடத்தில் பத்துப் பேர் பேசுவது. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கேபிள் என்பது இரண்டு பேருக்கு மட்டுமேயான தனி வழி. இருவரும் ஒரே சமயத்தில் பேசலாம், கேட்கலாம், குறுக்கே யாரும் வர மாட்டார்கள்.

எல்லாக் கேபிளும் வந்து சேரும் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். விளக்குப் போடும் சுவிட்ச் வேறு. இதன் வேலை தபால் பிரிப்பது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் செய்யும்போதே ஓர் எண் கொடுத்திருப்பார்கள். ஒரு துளை வழியாகச் செய்தி வந்தால் ஸ்விட்ச் முதலில் அனுப்பியவரின் எண்ணைப் படித்து, இந்த எண் இந்தத் துளையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். போக வேண்டிய எண் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், மற்ற எல்லாத் துளைக்கும் ஒரு பிரதி அனுப்பும். உரியவர் பதில் அனுப்பியதும் அவர் துளையையும் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை நேராக அங்கேதான் போகும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகவே ஊர் விலாசம் முழுவதையும் கற்றுக்கொள்கிற தபால்காரர். முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இந்த வேலையில் நான் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நிலைத்ததற்கு இன்னொரு காரணம் தணிகாசலம். வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரன். படவேட்டில் வாழை போடுகிற குடும்பம். இடதுகைக்காரன், ஆனால் அந்தக் கையால் எட்டுக் கம்பியையும் நேராக்கி, சமமாக நறுக்கி, கனெக்டரில் நுழைத்து அழுத்தினால் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். படிப்பு முடிந்து இருவரும் சேர்ந்து கடை போட்டபோது, "உன் கை சுத்தம், முனை கட்டறதெல்லாம் நீ பாரு. செட்டிங்ஸ் நான் பாக்கறேன்" என்றேன். பெருமையாக ஒத்துக்கொண்டான். ஒன்பது வருடம் அப்படியே ஓடியது.

நானே கட்டிய முனைகள்

அந்த ஸ்கேன் சென்டரில் நான்கு லைன் போட வேண்டியிருந்தது. மூன்று கீழ்த்தளத்திலேயே, பத்தடி இருபதடி தூரம்தான். நான்காவது மட்டும் கட்டிடத்தின் பின்பக்கமாகப் போய், ஜெனரேட்டருக்கு மேலே ஏறி, மாடியில் டாக்டர் வசந்தி உட்காரும் அறைக்குப் போகும். கிட்டத்தட்ட அறுபது மீட்டர். ஸ்கேன் எடுக்கும் அறையின் சுவருக்குள் ஈயத் தகடு பதித்திருப்பதால் வைஃபை அதைத் தாண்டி வராது. ஒரு ஸ்கேனுக்கு நூற்றுக்கணக்கில் படங்கள். அதுவரை எல்லாவற்றையும் சிடியில் பதிந்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திங்கள்கிழமை முதல் டாக்டர் தன் திரையிலேயே பார்ப்பதாக ஏற்பாடு.

கேபிளை இழுத்து முடித்துவிட்டு, முனை கட்டுவதற்கு முன் தணிகாசலம் ஊருக்குப் போனான். தங்கை மகளுக்கு ரேணுகாம்பாள் கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும், அவன் இல்லாமல் முடியாது. ஞாயிறு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். சனிக்கிழமை அடித்த காற்றில் அவர்கள் தோட்டத்து வாழை பாதி சாய்ந்துவிட்டது. குலையையாவது காப்பாற்ற வேண்டும், இப்போதைக்கு வர முடியாது என்று போன் செய்தான்.

வரவேற்பில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "இது என்ன நிறம்மா, அது என்ன நிறம்மா" என்று கேட்டிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நானே கட்டினேன்.

நீலம் எனக்குத் தெரியும். மீதி மூன்று ஜோடியிலும் கோடு போட்ட வெள்ளைக் கம்பிகள்தான் பெரிய பேஜார். முறுக்கைப் பிரித்து நேராக்கியதும் எந்த வெள்ளை எந்த ஜோடியிலிருந்து வந்தது என்பது போய்விடும். வெயிலில் தூக்கிப் பிடித்து, உத்தேசமாக வரிசை வைத்து அழுத்தினேன்.

சோதிக்க ஒரு சின்னக் கருவி உண்டு. கேபிளின் இரண்டு முனையிலும் மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிய வேண்டும். மறுமுனையில் ஒன்று, இரண்டு, ஆறு, நாலு என்று தாறுமாறாக எரிந்தால் தவறு. எனக்குத் தாறுமாறாகத்தான் எரிந்தது. வெட்டி வீசிவிட்டு மறுபடி கட்டினேன். மாலைக்குள் ஒரு கைப்பிடி கனெக்டர் வீணாகி, நான்கு லைனிலும் ஒன்று முதல் எட்டு வரை சரியாக எரிந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு மலையைத் தாண்டிவிட்ட மாதிரி வீட்டுக்குப் போனேன்.

டாக்டர் கேட்ட கேள்வி

திங்கள்கிழமை கீழே மூன்று லைனும் ஓடின. மாடிக்கும் படம் போயிற்று. ஆனால் மெதுவாக. ஒரு நிமிடத்தில் வர வேண்டியது அரை மணி எடுத்தது. நடுவில் நின்றது, மறுபடி வந்தது.

தணிகாசலத்துக்குப் போன் செய்தேன். அப்போதுதான் அவன் விளக்கின் நிறத்தைக் கேட்டான். அந்த வகை ஸ்விட்சில் பச்சை என்றால் லைன் முழு வேகத்தில் இருக்கிறது. ஆரஞ்சு என்றால் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. கேபிளைச் செருகியதும் இரண்டு முனையும் ஒன்றையொன்று விசாரித்து, இருவராலும் முடிந்த வேகத்தை முடிவு செய்துகொள்ளும். லைன் சரியில்லை என்றால் தானாகவே கீழே இறங்கி வரும்.

நான் பச்சை என்று சொன்னதால், லைனில் கோளாறு இல்லை, டாக்டருடைய கம்ப்யூட்டர்தான் கோளாறு என்று அவன் முடிவு செய்தான். அவன் போனில் சொல்லச் சொல்ல அதைக் கழற்றினேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். உள்ளே இருந்த நெட்வொர்க் கார்டை மாற்றினேன். அங்கே அவன் சேற்றில் நின்று வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். நான்கு நாள் போயிற்று. எதுவும் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகல், தெள்ளார் பக்கம் டிராக்டரிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தலையில் அடி. கூடவே அவர் மனைவி, கையில் அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு. ஸ்கேன் எடுத்தார்கள். படங்கள் மாடிக்குக் கிளம்பின, பாதியில் நின்றன. டாக்டர் காத்திருந்து பார்த்துவிட்டு, படிக்கட்டில் ஓடி இறங்கி, ஸ்கேன் மெஷினுடைய திரையிலேயே நின்றுகொண்டு பார்த்தார். உள்ளே ரத்தம் கட்டியிருந்தது. உடனே வேலூருக்கு ஏற்றிவிட்டார்கள்.

நான் வராந்தாவில் நின்றிருந்தேன். வண்டி போன பிறகு டாக்டர் என்னிடம் வந்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"சேகர், படம் லேட்டா வருது, அது எனக்குத் தெரியுது. தப்பா வருமா? ஒரு புள்ளி மாறி வந்தாலும் நான் தப்பாப் படிச்சிடுவேன். இந்த வாரம் பூரா நான் பார்த்ததெல்லாம் சரிதானா?"

படித்துப் பார்த்து நாளைக் காலையில் சொல்கிறேன் என்றேன்.

வீசி எறியப்பட்டவை

அன்று பிற்பகல் முழுவதும் கடையில் உட்கார்ந்து படித்தேன். இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

ஒரு படம் கேபிளில் முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் போக வேண்டிய எண், அனுப்பியவரின் எண். வாலில் ஒரு சரிபார்ப்பு எண். அந்தத் துண்டில் இருக்கிற அத்தனையையும் ஒரு கணக்கில் போட்டு வருகிற விடை அது. வாங்குகிறவர் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்ப்பார். விடை ஒத்துப்போகாவிட்டால் அந்தத் துண்டை ஒரு வார்த்தை சொல்லாமல் வீசிவிடுவார். வந்து சேரவில்லையே என்று கண்டுபிடித்து மறுபடி அனுப்பச் சொல்வது அதற்கு மேலே இருக்கும் மென்பொருளின் வேலை.

அதாவது, கெட்டுப்போன துண்டு டாக்டரின் திரைக்குப் போகவே போகாது. மெதுவாக வந்ததற்குக் காரணமே அதுதான். கெட்டது எல்லாம் வீசப்பட்டு, திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது.

இதைப் படித்ததும் ஸ்கேன் சென்டருக்கு ஓடினேன். அந்த ஸ்விட்ச் எந்தத் துளையில் எத்தனை துண்டுகளை வீசியது என்று கணக்கு வைத்திருக்கும். கம்ப்யூட்டர் திரையில் எழுத்தாகவே பார்க்கலாம். பார்த்தேன். மற்ற மூன்று துளைக்கும் நேரே பூஜ்யம். மாடி லைனுக்கு நேரே ஒரு பெரிய எண், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே லைனின் வேகமும் எழுதியிருந்தது. பத்தில் ஒரு பங்கு.

விளக்கு ஆரஞ்சாகத்தான் எரிந்துகொண்டிருந்திருக்கிறது, முதல் நாளிலிருந்தே.

முறுக்கு எதற்கு?

ஆனாலும் ஒன்று புரியவில்லை. சோதனைக் கருவியில் ஒன்று முதல் எட்டு வரை சரியாக எரிந்ததே? இரண்டு முனையிலும் ஒரே வரிசை என்றால், பச்சை போகிற இடத்தில் பழுப்பு போனால்தான் என்ன? செம்புக் கம்பிக்குத் தன் மேல் போட்ட வண்ணம் தெரியுமா என்ன?

தெரியாதுதான். வண்ணம் முக்கியமே இல்லை. யார் யாரோடு முறுக்கியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

ஒரு செய்தி ஒரே கம்பியில் போவதில்லை, ஒரு ஜோடியில் போகிறது. ஒன்றில் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். வாங்கும் முனை இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். வழியில் ஜெனரேட்டர், மோட்டார், பக்கத்து ஜோடி என்று எது இரைச்சல் போட்டாலும், இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே போவதால் இரண்டின் மீதும் சமமாகவே விழும். சமமாக விழுந்தால் வித்தியாசம் மாறாது. செய்திக்குக் கெடுதல் இல்லை.

நான் என்ன செய்திருந்தேன் என்றால், பச்சை ஜோடியில் ஒன்றையும் பழுப்பு ஜோடியில் ஒன்றையும் எடுத்து ஒரு ஜோடியாக்கியிருந்தேன். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. கருவிக்கு அது போதும். கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் அது பார்க்கும். அதற்கும் என்னைப் போலவே நிறம் தெரியாது. ஆனால் என் ஜோடி ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளவில்லை. அறுபது மீட்டர் தூரமும் ஆளுக்கொரு பக்கம் போய், ஆளுக்கொரு இரைச்சலை வாங்கிக்கொண்டு வந்தன. கீழே இருந்த சின்ன லைன்களில் ஒன்றும் அதே தவறோடுதான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. தூரம் குறைவானதால் தவறு வெளியே வரவில்லை.

சொன்னேன்

சனிக்கிழமை காலை டாக்டர் அறைக்குப் போய், தவறான படம் வந்திருக்காது, ஏன் வராது என்பதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்படியானால் கோளாறு எங்கே என்றார்.

"லைன்ல மேடம். நான் கட்டின லைன். எனக்குப் பச்சையும் பழுப்பும் பிரிச்சித் தெரியாது. அதைச் சொல்லாமக் கட்டினேன். லைட் கலரும் தெரியாமத்தான் பச்சைன்னு சொன்னேன்."

இருபது வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அந்த ஆளுக்கு இருபது நிமிஷம் போச்சு. ஆபரேஷன் ஆகி இப்போ கண் முழிச்சிட்டாராம். அதனாலதான் நாம இப்படி உட்கார்ந்து பேச முடியுது," என்றார். பிறகு, "எப்போ சரி பண்ணுவீங்க?" என்று கேட்டார். இன்றைக்கே என்றேன்.

எழுந்து வரும்போது டாக்டராக ஒரு விஷயம் சொன்னார். இந்தக் குறை பெரும்பாலும் அம்மா வழியாக வருவது. அம்மாவுக்குத் தெரியாமலே பிள்ளைக்கு வந்துவிடும். அம்மாவின் அண்ணன் தம்பிகளில் யாருக்காவது இருக்கலாம், கேட்டுப் பாருங்கள் என்றார்.

மதியப் பேருந்தில் தணிகாசலம் வந்து இறங்கினான். நேரே ஸ்கேன் சென்டருக்கு அழைத்துப் போனேன். நான் கட்டிய முனையை வெட்டி அவன் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான்.

"உனக்கு இது தெரியலயா, நெஜமாவே?"

"தெரியல."

"எப்பத்திலிருந்து?"

"பொறந்ததிலிருந்து."

அவன் இரண்டு முனையையும் பத்து நிமிடத்தில் கட்டி முடித்தான். மாடியில் படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. கருவிகளைப் பையில் போட்டான். வாசலுக்கு வந்த பிறகுதான் பேசினான்.

"அங்க சேத்துல நின்னுகினு ஒரு வாரமா உனக்கு வழி சொல்லிகினு இருந்தேன். நான் சொன்னது எதுவும் தப்பு இல்ல. நீ சொன்ன ஒண்ணுதான் தப்பு. அப்போ ஒம்பது வருஷமா என் கை சுத்தம், என் கை சுத்தம்னு சொன்னது?"

"அதுவும் நெஜந்தான்டா."

அவன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கடைக்கு வந்தான், வேலை பார்த்தான், போனான். என்னோடு பேசவில்லை. கோபம் கண்ணைப் பற்றி அல்ல, அவனிடம் மறைத்ததைப் பற்றி என்று எனக்குத் தெரியும். நானும் தொந்தரவு செய்யவில்லை.

மூன்றாம் நாள் நான் ஒரு சாண் கேபிளை உரித்து மேசையில் வைத்து, ஜோடி ஜோடியாகத் தடவிக்கொண்டிருந்தேன். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருக்கிற மாதிரி விரலுக்குத் தோன்றியது. ஊசி முனையை வைத்து முறுக்குகளை எண்ணினேன். நீலம் கண்ணுக்கே தெரிந்துவிடும், அதை விட்டுவிட்டேன். மீதி மூன்றில் ஒன்றில் பதின்மூன்று முறுக்கு, ஒன்றில் பதினொன்று, ஒன்றில் பத்து. வேறு ஒரு துண்டை உரித்தேன். அதே கணக்கு.

தணிகாசலத்திடம் நீட்டி, "எறுக்கமா இருக்கறது பச்சையா?" என்று கேட்டேன்.

பார்த்தான். "ஆமா."

"ரொம்ப லூசா இருக்கறது?"

"பழுப்பு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் எண்ணினான். ஒன்பது வருடம் ஆயிரக்கணக்கில் கட்டியவனுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. நான்கு ஜோடிக்கும் ஒரே முறுக்கு இருந்தால் பக்கத்துப் பக்கத்து ஜோடிகள் ஒன்றுக்கொன்று இசைந்து, ஒன்றின் பேச்சு மற்றதில் கசிந்துவிடும். அதனால்தான் ஒவ்வொன்றையும் வேறு வேறு அளவில் முறுக்குகிறார்கள் என்று அன்றைக்கு இருவரும் சேர்ந்து படித்துத் தெரிந்துகொண்டோம்.

இப்போதெல்லாம் நானும் முனை கட்டுகிறேன். ஒரு ஜோடியை எண்ணி, அதைப் பிரித்து இடத்தில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவேன். ரோலுக்கு ரோல் கணக்கு மாறும் என்பதால் புது ரோல் வந்தால் தணிகாசலம் முதலில் ஒருமுறை சொல்லிவிடுவான். விளக்கின் நிறத்தை மட்டும் அவனே பார்ப்பான்.

ஏகாம்பரம் மாமா

டாக்டர் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு ஒரே தம்பி, ஏகாம்பரம் மாமா. ஆரணியிலேயே ஒரு அரிசி ஆலையில் மேஸ்திரி. இளவயதில் ஒரு நாள் தறியை விட்டு எழுந்து போனவர் திரும்ப உட்காரவே இல்லை. உடம்பு வணங்காதவன் என்று வீட்டில் சொன்னார்கள். தாத்தா அவரோடு பேச்சை நிறுத்தி, சாகும்வரை பேசவில்லை. நாற்பது வருடமாக மூட்டை தூக்கியவரை எப்படி உடம்பு வணங்காதவர் என்று சொன்னார்கள் என்று நான்கூட யோசித்ததில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஆலைக்குப் போனேன். அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. மாமா தலையில் துண்டோடு, புருவமெல்லாம் உமித் தூசியோடு வந்தார். நலம் விசாரித்தார். நான் சுற்றி வளைக்காமல் என் கதையைச் சொல்லிவிட்டு, உங்களுக்கும் அப்படி உண்டா என்று கேட்டேன்.

மாமா துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு சேலையில பாதிக்கு மேல அரக்குக்குப் பதிலு பச்சை ஓட்டிட்டேன். கல்யாணச் சேலை. அப்பா அறுத்துப் போட்டாரு. வேணும்னே பண்றான்னாரு," என்றார். "நான் ஒருத்தன்தான் இப்படின்னு நெனச்சிகினு இருந்தேன்பா."

அதற்கு மேல் அங்கே பேச முடியவில்லை. லாரி வந்துவிட்டது.

மறுநாள் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அவரே வந்து நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்த எட்டுக் கம்பியைக் காட்டு என்றார். ஒரு துண்டை உரித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, இரண்டைத் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுவும் இதுவும் ஒண்ணுதானப்பா?"

தணிகாசலம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் சொல்லாமலே எனக்குப் புரிந்தது, ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு.

"ஆமா மாமா," என்றேன். "நமக்கு ஒண்ணுதான்."